என்னை அவசரப்படுத்தாத எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள டாக்டர், பிசியோ தம்பி, வார்டு சிஸ்டர்கள், அக்கா, அத்தான், அலுவலக நண்பர்கள், பக்கத்துக் கட்டில் ஐயா,

முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடிந்து, இப்போது காலைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் நடக்கிறேன். உங்களில் பெரும்பாலோருக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். இருந்தாலும் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நீங்கள் எனக்குச் சொன்னதெல்லாம் இன்னும் நாலு முதுகுவலிக்காரர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

டாக்டர், இடுப்பில் தொடங்கி பாதம் வரை சுண்டி இழுக்கும் வலியோடு உங்களிடம் வந்தேன். இடுப்புப் பகுதியின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்தது. ஆனால் நீங்கள் உடனே ஆபரேஷன் தேதி குறிக்கவில்லை. "வலியே இல்லாதவர்களுக்கு எடுத்தாலும் டிஸ்க் பிதுங்கியிருப்பது தெரியும். நான் ஸ்கேனுக்கு வைத்தியம் பார்ப்பதில்லை" என்றீர்கள். இந்த மாதிரிக் கால்வலி பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் ஆபரேஷன் இல்லாமலே நன்றாகக் குறைந்துவிடும், பிதுங்கிய பகுதி தானாகவே சுருங்குவதும் உண்டு என்று பொறுமையாக விளக்கினீர்கள். மாத்திரையும் பயிற்சியும் முதலில், தேவைப்பட்டால் நரம்பின் அருகே ஸ்டீராய்டு ஊசி, ஆபரேஷன் அப்புறம்தான்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளையும் அன்றே எழுதிக் கொடுத்தீர்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் திடீரென வலுவிழப்பது: இதில் எது வந்தாலும் நடுராத்திரி என்றாலும் எமர்ஜென்சிக்கு வந்துவிட வேண்டும். அக்கா அந்தச் சீட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, தினமும் என்னிடம் கூச்சப்படாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். இதைக் கேட்கவும் ஒரு ஆள் வேண்டும் அக்கா.

வலி குறையாமல், பாதத்தை மேலே தூக்கும் வலுவும் குறைய ஆரம்பித்தபோதுதான் ஆபரேஷன் பேச்சை எடுத்தீர்கள். நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் சின்னக் கீறல் வழியாக எடுக்கும் மைக்ரோடிஸ்கெக்டமி. நரம்பு போகும் பாதையே குறுகியிருந்தால் பின்பக்க எலும்பைக் கொஞ்சம் அகற்றி இடம் கொடுக்கும் லேமினெக்டமி. ஒரு எலும்பு இன்னொன்றின் மேல் நழுவியிருந்தால் ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து இணைக்கும் ஃப்யூஷன். எனக்கு முதலாவது போதும், ஃப்யூஷன் தேவையே இல்லை என்று காரணத்தோடு சொன்னீர்கள். "கால்வலி போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. முதுகுவலி முழுக்கப் போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். மரத்துப்போன இடம் மெதுவாகத்தான் திரும்பும், கொஞ்சம் மிச்சமிருந்தாலும் இருக்கலாம்." தொற்று, நரம்பு உறையில் கிழிசல், டிஸ்க் மறுபடி பிதுங்குவது எதையும் மறைக்கவில்லை. வேறொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டு வரச் சொன்னதும் நீங்கள்தான். அதனால்தான் பயமிருந்தும் குழப்பமில்லாமல் கையெழுத்துப் போட்டேன்.

மயக்க மருந்து டாக்டருக்கும் நன்றி. நான் சாப்பிடும் மாத்திரைகள், சத்து மாத்திரை வரைக்கும், ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ரத்தத்தை இளக்கும் மாத்திரை இருந்தால் எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது என்று அழுத்திச் சொன்னார்.

சிஸ்டர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? ஆபரேஷன் அன்றைக்கே என்னை எழுப்பி நிற்கவைத்தீர்கள். ஒரு சிஸ்டர் ஒரு கையைத் தோளிலும் இன்னொரு கையை இடுப்பிலும் வைத்து, "முழங்காலை மடக்குங்க. இப்போ தோளும் இடுப்பும் ஒண்ணா வரணும், மரக்கட்டை உருளுற மாதிரி. காலைக் கீழே விடுங்க, கையை ஊன்றி எழுந்திருங்க" என்றார். நடுவில் அவசரமாக முறுக்கித் திரும்பப் போனேன், அவர் கை அசையவே இல்லை. "மறுபடி முதல்லேர்ந்து." இன்றைக்கும் அப்படித்தான் படுக்கையிலிருந்து எழுகிறேன்.

பிசியோ தம்பி, குனியாதே, தூக்காதே, முறுக்காதே என்ற மூன்றையும் ஆரம்ப வாரங்களில் விடாமல் சொன்னாய். ஆனால் அதோடு நிறுத்தியிருந்தால் பயத்தில் படுத்தே கிடந்திருப்பேன். நடப்பதுதான் இப்போதைக்கு முக்கியமான பயிற்சி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டு, ஒரே இடத்தில் ரொம்ப நேரம் உட்காராதே என்று தள்ளிக்கொண்டே இருந்தாய். குதிகாலில் நிற்கச் சொல்லி, பாதம் எவ்வளவு தூக்குகிறது என்று குனிந்து உட்கார்ந்து பார்ப்பாயே, முதல் தடவை இரண்டு பாதமும் ஒரே அளவு எழும்பியபோது என்னைவிட நீதான் சந்தோஷப்பட்டாய்.

அத்தான், நான் வீடு திரும்புவதற்கு முன்பே கால் தடுக்கும் விரிப்புகளை எடுத்து, குளியலறையில் வழுக்காத பாய் போட்டு, தினசரி சாமான்களை எல்லாம் இடுப்பு உயரத்துக்கு மாற்றிவைத்திருந்தீர்கள். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும், முக்கக் கூடாது என்று தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே வந்தீர்கள். அலுவலக நண்பர்களே, கூட்டம் நடக்கும்போது நான் எழுந்து நின்றால் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அதுவே பெரிய உதவி.

கடைசியாக, பக்கத்துக் கட்டில் ஐயாவுக்கு. உங்களுக்கு ஃப்யூஷன். எலும்பு சேர மாதக்கணக்கில் ஆகும், நிகோடின் அதைக் கெடுக்கும் என்று தெரிந்ததும், அத்தனை வருஷப் புகைப்பழக்கத்தை ஆபரேஷனுக்கு முன்பே விட்டுவிட்டு வந்தீர்கள். தூக்கம் வராத ராத்திரியில் என்னோடு பேசிக்கொண்டிருந்ததும் நீங்கள்தான். எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும் அன்றைக்கு, முதல் போன் எனக்குத்தான் வர வேண்டும் ஐயா.

என்றும் நன்றியுடன்,
உங்கள் கைபிடித்து எழுந்த ஒருவர்