‘மை’ என்றால் வாங்கவா, விற்கவா?

ஆசிரியருக்கு,

தங்கள் நீலகிரிப் பக்கத்தில் தினமும் வரும் சீனச் சொல் கட்டத்தில் ஒரு குறை. ‘வாங்கு – மை’ என்று ஒரு நாள், ‘விற்பனை செய் – மை’ என்று மறுநாள். அச்சுப்பிழை இல்லைதான். ஆனால் தேயிலை விலை பேசுகிறவர் எந்த ‘மை’யைச் சொல்வார்?

சீனத்தில் குரலின் ஏற்ற இறக்கம், அதாவது தொனி, மாறினால் பொருளும் மாறும். சொல்லுக்குப் பின்னால் தொனி எண்ணைப் போட்டால் தீர்ந்தது. 1 உயரத்தில் சமமாக நிற்கும். 2, ‘என்ன?’ என்று கேட்பதுபோல் ஏறும். 3 அடித்தொண்டைக்கு இறங்கும். 4, ‘போ!’ என்று அதட்டுவதுபோல் விழும். மை3 வாங்க, மை4 விற்க. மூன்றாம் தொனி இறங்கி ஏறுவதாகப் பாடநூல்களில் படம் இருக்கும். வாக்கியத்தின் நடுவே அந்த ஏற்றம் வராது. வளைத்து இழுப்பதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் தப்பு. மூன்றாம் தொனி இரண்டு அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாகிவிடும்: வணக்கம் சொல்ல எழுத்தில் நீ3 ஹாவ்3, வாயில் நீ2 ஹாவ்3.

அடுத்தது மூச்சு. பாவ்3 என்றால் வயிறு நிறைந்தது. அதே பாவ்3 மூச்சோடு வந்தால் ஓடுதல். முதலாவது நம் ‘பால்’ ப. இரண்டாவதற்கு, வாய்க்கு எதிரே பிடித்த மெல்லிய தாள் ஆட வேண்டும். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால், மூச்சு எழுத்தைத் தடித்த அச்சில் போடலாம். ‘சாப்பிட்டாச்சா?’ என்று விசாரிக்கும் வழக்கம் அங்கேயும் உண்டு: ச்சர்1 ல மா. கடைசி ‘மா’ நம் ‘ஆ’ செய்யும் வேலையைச் செய்கிறது. சொல் வரிசையை மாற்ற வேண்டாம். கேள்வி என்பதற்காகக் குரலை ஏற்றினால்தான் தொனி கெடும்.

எழுத்துகளையும் பெரிதாக அச்சிடுங்கள். தேநீருக்கான எழுத்துக்கு 9 கோடு: மேலே புல் 3, நடுவே மனிதன் 2, அடியில் மரம் 4. மனிதனுக்குக் கீழே ஒரு குறுக்குக்கோடு கூடினால் அது கசப்புக் கீரையைக் குறிக்கும் வேறு எழுத்து. பொடி அச்சில் மசி பரவினால் இரண்டும் ஒன்றுதான். (இந்த எழுத்தைப் பொது வழக்கில் ‘ச்சா2’ என்றும், தென்கிழக்கே ஃபூஜியன் கரையில் ‘தே’ என்றும் வாசிப்பார்கள். கூடலூர்ச் சாயா ஒன்றிலிருந்து, குன்னூர் டீ மற்றொன்றிலிருந்து.)

சீன இயந்திரம் ஓட்டும் தொழிற்சாலைக்காரர்களுக்கு வணக்கத்தைவிட முதலில் வேண்டியது கை1, குவான்1. முதலாவது திற, அதாவது ஓடவிடு. மற்றது மூடு, நிறுத்து. பலகையில் எழுத்தின் தலையில் கொம்புபோல் இரண்டு புள்ளி இருந்தால் நிறுத்தம். இல்லாமல் இரண்டு படுக்கைக் கோடும் இரண்டு காலுமாக இருந்தால் ஓட்டம். இரண்டும் சேர்ந்து கைகுவான் என்றால் சுவிட்ச். நாளைய கட்டத்தில் இதைப் போடலாமே.

சீனம் கற்பிப்போர் இருவர்,
குன்னூர்