கூத்துக் குடும்பப் படங்களுக்குப் பெயர் போடும் முன்

ஆசிரியருக்கு,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கூத்து, நாடகக் குடும்பங்களின் பழைய போட்டோக்களை வாசகர்கள் அனுப்பி, அவை உங்கள் பத்திரிகையில் அச்சாகி வருவது நல்ல காரியம். ஆனால் படத்துக்குக் கீழே போகும் பெயர்களில் பலவும் வீட்டில் யாரோ சொன்னதோடு நின்றவை. அச்சில் வந்த பெயரைப் பேரப்பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுவார்கள். பிறகு திருத்துவது கடினம்.

முதல் சிக்கல் வேஷம். சேலை கட்டி, ஜடை பின்னி, கையில் வளையலோடு நிற்பவரைப் பார்த்ததும் ‘கொள்ளுப்பாட்டி’ என்று எழுதிவிடுகிறோம். இந்தப் பக்கத்துக் கூத்தில் திரௌபதியும் சுபத்திரையும் ஆண்கள் கட்டி வந்த வேஷங்கள். ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம், கட்டிய கொள்ளுத்தாத்தாதான் அந்தப் படத்தில் நிற்கிறவராக இருக்கலாம். அரிதாரம் முகத்தை மாற்றிவிடும். காது மடலை மாற்றாது. வேஷமில்லாத படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, காது மடலின் வளைவு, மணிக்கட்டு, கழுத்து எலும்பு இவற்றை ஒப்பிட வேண்டும்.

முகம் கறுப்பாகத் தெரிவதை வைத்து இன்ன வேஷம் என்று முடிவு கட்டுவதும் தவறு. அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் பெரிதும் புழங்கிய ஆர்த்தோகுரோமேட்டிக் பிளேட்டும் பிலிமும் சிவப்பு ஒளியை வாங்காதவை. சிவப்பு அரிதாரம் படத்தில் கிட்டத்தட்டக் கறுப்பாகவே விழும், நீலம் வெளுத்துப்போகும். நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்டிருந்தால் இடமும் வலமும் மாறிவிடும். ஆண்கள் சட்டையில் பொத்தான்கள் அவர்களுடைய வலப்பக்கம் இருக்கும். ஆர்மோனியக்காரரின் வலக்கை கட்டையிலும் இடக்கை துருத்தியிலும் இருப்பதே வழக்கம். இரண்டும் மாறித் தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது. ‘இடமிருந்து வலம்’ என்று பெயர் போடும் முன் இதைப் பார்த்தாக வேண்டும்.

காலத்தைச் சொல்வது பெரும்பாலும் படத்தின் முதுகுதான். ஸ்டுடியோ முத்திரையில் ‘தருமபுரி, சேலம் ஜில்லா’ என்றிருந்தால், தருமபுரி தனி மாவட்டமான 1965 அக்டோபர் 2-க்கு முன் செய்த முத்திரை. பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. ‘கிருஷ்ணகிரி மாவட்டம்’ என்றிருந்தால் 2004 பிப்ரவரிக்குப் பின் போட்ட மறுபிரதி. ஒன்றை மறக்கக் கூடாது. பழைய ரப்பர் முத்திரையை ஸ்டுடியோக்காரர் பல வருஷம் வைத்து அடித்திருப்பார். அதனால் பழைய முகவரி மட்டும் தனியாகச் சாட்சியாகாது; புதிய முகவரி சாட்சியாகும்.

நாடக நோட்டீஸ் கிடைத்தால் அதைவிட நல்லது. டிக்கெட் விலை அணாவில் இருந்தால், நயா பைசா வந்த 1957 ஏப்ரலை ஒட்டியோ அதற்கு முன்போ அச்சடித்தது. லை, னை முதலியவை யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய வடிவில் இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. சில அச்சகங்கள் பழைய எழுத்தையே பின்னும் கொஞ்ச காலம் கோத்தன. ‘விரோதி வருஷம் தை மாதம்’ என்று மட்டும் இருந்தால் அது 1950 ஜனவரி, பிப்ரவரி. 1949 என்று எழுதுகிறவர்கள் வருஷம் சித்திரையில் பிறப்பதை மறந்துவிடுகிறார்கள். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை விரோதி திரும்பும் என்பதால், நோட்டீசில் உள்ள தேதியையும் கிழமையையும் பஞ்சாங்கத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால், ஒரே வீட்டில் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் வரும். இருவரும் ஒரே செட்டில் (கூத்துக் குழுவில்) ஆடியிருந்தால் அறுபது வருஷ ஆட்டம் ஒருவர் கணக்கில் ஏறிவிடும். நோட்டீசில் பெயருக்கு முன் நிற்கும் ஊரும் எழுத்தும் அப்பாவுடையவை என்ற நிச்சயமும் இல்லை. கூத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரின் ஊராகவும் இருக்கும்.

இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கு மொய் நோட்டைப் போல வேறொன்றில்லை. ஊர், பெயர், தொகை என்று வரிவரியாக இருக்கும். தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது என்று பார்த்தால், வேறெந்தக் காகிதத்திலும் அகப்படாத பெண்ணின் பிறந்த வீடு தெரிந்துவிடும். கருமாதிப் பத்திரிகையில் மகன், மருமகன், பேரன், பேத்தி எல்லாரும் வரிசையாக இருப்பார்கள். பழைய கிரயப் பத்திரம் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று தொடங்கும். வில்லங்கச் சான்று இணையத்தில் ஒரு குறிப்பிட்ட வருஷம் முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தியதற்குச் சர்வே எண்ணோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். பிறப்புப் பதிவேட்டில் பெயர் இல்லாமல் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருப்பது சகஜம். அப்பா பெயரையும் தேதியையும் வைத்துத்தான் தேட வேண்டும்.

அக்காள் மகளைக் கட்டிய வீடுகளில் ஒரே ஆள் தாய்மாமனாகவும் கணவராகவும் வருவார். இதைக் கிளை மரமாக வரைந்தால் குழம்பும். ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, உறவை எண்ணால் குறிப்பதே சரி.

படத்தைக் கையாள்வது பற்றியும் சொல்ல வேண்டும். மழை ஈரத்தில் மேலிருக்கும் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். பின்அட்டையை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்து 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர், லென்ஸ் வைத்த சிசிடி வகையாக இருக்கட்டும். மெல்லிய சிஐஎஸ் வகையில் கண்ணாடியின் கனத்துக்கே படம் மங்கிவிடும். லேமினேஷன் கூடவே கூடாது. பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முகத்தில் தடம் எழும். உறையின் மேல் எழுதி, அதற்குள் படத்தை வையுங்கள்.

இனி படங்களைக் கேட்கும்போது முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும், பெயரைச் சொன்னவர் யார், அவர் படத்தில் இருப்பவருக்கு என்ன உறவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். உறுதியாகாத பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டே வெளியிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பட்டும்; சுருங்கி வரும் படத்தில் முதலில் அழிவது ஸ்டுடியோ முத்திரையின் எழுத்துதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்