சட்டமும் இருக்கிறது, விலக்கும் இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊடக ஏகபோகத்தைத் தடுக்கத்தான் சட்டம் இருக்கிறதே, அப்புறம் ஏன் அரசுகள் கண்டும் காணாமல் விடுகின்றன என்று யாராவது கேட்டால், 'பணம் கைமாறியிருக்கும்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை. பல இடங்களில் லஞ்சத்துக்கு வேலையே இருக்காது. சட்டத்துக்குள்ளேயே ஒரு விலக்கை எழுதி, அதைக் கொடுக்கும் அதிகாரத்தை அமைச்சரிடம் விட்டிருப்பார்கள். அமைச்சரோ அடுத்த தேர்தலில் அதே முதலாளியின் தயவு வேண்டும் என்று இருப்பவர்.

பிரிட்டனில் 1981-ல் நடந்ததைப் பாருங்கள். 'சன்', 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு' என்ற இரண்டு பத்திரிகைகளை ஏற்கெனவே வைத்திருந்த முதலாளி ரூபர்ட் முர்டோக், 'டைம்ஸ்', 'சண்டே டைம்ஸ்' இரண்டையும் வாங்க வந்தார். 1973-ம் ஆண்டுச் சட்டப்படி அந்த விற்பனை ஏகபோக ஆணையத்தின் விசாரணைக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் பத்திரிகை நஷ்டத்தில் ஓடுகிறது, காத்திருந்தால் மூடிவிடுவார்கள் என்று அமைச்சருக்குத் தோன்றினால் விசாரணை வேண்டாம் என்று விலக்கு இருந்தது. 'சண்டே டைம்ஸ்' அப்படி நொடித்துப்போன பத்திரிகை அல்ல என்று அதன் பத்திரிகையாளர்களே சொன்னார்கள். வர்த்தக அமைச்சர் ஜான் பிஃபன் விலக்கைக் கொடுத்துவிட்டார். அதற்குச் சில வாரங்கள் முன்னால், ஜனவரி 4 அன்று, முர்டோக் பிரதமர் தாட்சருடன் பிரதமர்களின் கிராமப்புற இல்லமான செக்கர்ஸ் மாளிகையில் மதிய உணவு சாப்பிட்டார், இந்த வியாபாரத்தைப் பற்றியும் பேசினார். அந்தச் சந்திப்பின் குறிப்பு மக்கள் கண்ணில் பட்டது 2012-ல்! குறிப்பின்படி தாட்சர் வாழ்த்துச் சொன்னதோடு சரி. யாரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டிய அவசியமே இல்லையே, 1979 தேர்தலில் 'சன்' தாட்சர் பக்கம் நின்றது என்பது அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

இத்தாலியில் இதைவிட வெளிப்படை. நாடு முழுக்க ஒளிபரப்ப அனுமதி இல்லாத, தொலைக்காட்சி முதலாளி பெர்லுஸ்கோனியின் சேனல்களை 1984 அக்டோபரில் சில நீதிபதிகள் நிறுத்தினார்கள். பிரதமர் கிராக்ஸி, பெர்லுஸ்கோனியின் நண்பர், சேனல்கள் மறுபடி ஓடுவதற்காகச் சில நாட்களுக்குள் அவசரச் சட்டம் கொண்டுவந்தார். நாடாளுமன்றம் அதை நிராகரித்ததும் இன்னொன்று வந்தது. இதில் பார்வையாளர்களுக்கும் பங்கு உண்டு: பிடித்த தொடர் நின்றுபோன கோபத்தில் பலர் நீதிபதிகளைத்தான் திட்டினார்கள்.

அமெரிக்காவில் சட்டத்தை வளைக்கக்கூட இல்லை, 1996-ல் மாற்றியே விட்டார்கள். ஒரு நிறுவனம் நாடு முழுக்க இத்தனை வானொலி நிலையங்கள்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு போனது, சில வருடங்களில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் ஆயிரத்துக்கு மேல் நிலையங்கள்.

நஷ்டத்தில் இருக்கும் பத்திரிகையைப் பெரிய முதலாளி வாங்காவிட்டால் அது செத்துவிடும் என்கிறார்கள். சில சமயம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கைச் சரிபார்ப்பது அமைச்சராக இருக்கக் கூடாது. விலக்கு கொடுத்தால் காரணத்தையும் பத்திரிகையின் வரவு செலவையும் அன்றே வெளியிட வேண்டும், அமைச்சர்களும் ஊடக முதலாளிகளும் சந்தித்தால் அந்தக் குறிப்பு ஒரு மாதத்துக்குள் வர வேண்டும். இதை எழுதிக் கேட்கும் முதல் பத்திரிகையாக உங்களுடையது இருக்கட்டும், உங்கள் முதலாளி சம்மதித்தால்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்