கன்சோலுக்கு ராப் ஒட்டும் முன்

மஞ்சக்குப்பம், கடலூர்
தை 27

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் கார் கன்சோலில், அதாவது முன்சீட்டுகளுக்கு நடுவே, கியரைச் சுற்றியுள்ள பளபளப்பான பியானோ பிளாக் பட்டை முழுக்க முடிக்கீறல், கப் ஹோல்டர் ஓரம் வெளுத்துவிட்டது. புதுப் பாகம் வாங்க வேண்டாம், ராப், அதாவது பசையுள்ள வினைல் ஃபிலிம், ஒட்டிக்கொள்ளலாம் என்று நீ நினைத்தது சரிதான். நீயே ஒட்டலாம் என்பதும் சரி. ஒன்றை மட்டும் முதலில் தெரிந்துகொள். காருக்குள் ஒட்டிய ஃபிலிம் ஒட்டிய அன்று நன்றாகத்தான் இருக்கும். சித்திரை வெயிலில்தான் சாயம் வெளுக்கும். லாஸ்பேட்டையில் உன் வீட்டு முன்னால் நிழலே இல்லை. கண்ணாடி ஏற்றிய கார் அங்கே நின்றால் மதியத்தில் டாஷ்போர்டு 70 டிகிரி வரை போகும். வினைல் சூடானால் தன் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். எந்த மூலையை இழுத்து ஒட்டினாய், எந்த ஓரத்தை எண்ணெய்ப் பசையோடு விட்டாய் என்று வெயில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபிலிம் இரண்டு வகை. சூடான உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துத் தகடாக்கியது காலண்டர்டு. அந்த இழுவை உள்ளேயே தங்கியிருப்பதால் சூடு பட்டதும் ஓரத்திலிருந்து சுருங்கும். திரவமாகப் பரப்பி உலர்த்தியது காஸ்ட். அதில் சுருக்கம் மிகக் குறைவு, வளைவுக்கும் படியும், விலை கூடுதல். காஸ்ட்தான் வாங்க வேண்டும். 3எம் 2080, ஏவரி சுப்ரீம் ராப்பிங் ஃபிலிம் இரண்டில் எது கிடைத்தாலும் சரி. சுமார் 90 மைக்ரான் கனம், பசைப் பக்கம் காற்று வெளியேற நுண்ணிய கால்வாய் இருக்கும். ரோல் 5 அடி அகலம். கியர் பட்டை, நான்கு கதவின் ஸ்விட்ச் பட்டை, டாஷ்போர்டின் குறுக்குப் பட்டை எல்லாம் 1 மீட்டர் நீளத்துக்குள் அடங்கும். 1.5 மீட்டராக வாங்கிவிடு. பிறகு தனியாக அரை மீட்டர் தேடிப் போனால் வேறு ரோலில் நிறம் மயிரிழை மாறும், பக்கத்தில் வைத்தால் தெரியும்.

நிறம் உன் விருப்பம், ஆனால் பளபளப்பில்லாத மேட் அல்லது லேசாக மினுங்கும் சாட்டின் கறுப்பு எடுத்தால் நிம்மதி. பளபளக்கும் கறுப்பு வேண்டாம். இப்போது உன்னைத் தொல்லை செய்யும் அதே கீறலும் தூசியும் அதிலும் தெரியும், கீழே இருக்கும் மேடு பள்ளத்தையும் அது மறைக்காது. குரோம் பக்கமே போகாதே. வளைவுக்குப் படியாது, பிற்பகல் வெயில் அதில் பட்டு நேராகக் கண்ணில் அடிக்கும். பிரஷ்டு மெட்டல், கார்பன் ஃபைபர் என்றால் எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்ட வேண்டும், வெட்டுமுன் பின்தாளில் அம்புக்குறி போட்டுவிடு.

சாமான்கள்: பிளாஸ்டிக் நெம்பிகள் ஒரு செட், சூடான காற்று ஊதும் ஹீட் கன், ஃபிலிமைத் தேய்த்து அழுத்த ஓரத்தில் ஃபெல்ட் துணி ஒட்டிய ஸ்குவீஜி தகடு, 9 மி.மீ. கட்டர் கத்தியும் 30 டிகிரி சாய்வு பிளேடும், பஞ்சு உதிராத மைக்ரோஃபைபர் துணி நான்கு, நைட்ரைல் கையுறை, மாஸ்கிங் டேப், ஐசோபுரொபைல் ஆல்கஹால், பசை பிடிக்க உதவும் 3எம் பிரைமர் 94, தொடாமலே சூட்டை அளக்கும் ஐஆர் தெர்மாமீட்டர். ஆல்கஹாலுக்குப் பதில் மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை எடுக்காதே, சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும். தின்னர் பிளாஸ்டிக்கையே கரைக்கும். பெட்ரோலும் கூடாது. தெர்மாமீட்டர் எதற்கு என்று யோசிப்பாய், பின்னால் சொல்கிறேன்.

கழற்றாமல் காரிலேயே வைத்து ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அப்படி ஒட்டினால் ஃபிலிம் விளிம்போடு நின்றுவிடும், பின்பக்கம் மடியாது. முதல் கோடையிலேயே ஓரம் கிளம்பும். போதாததற்கு காருக்குள் கத்தி வைத்தால் பக்கத்துப் பிளாஸ்டிக்கிலும் கோடு விழும்.

சமதளமாகப் பார்த்து நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வை. பட்டையை எடுக்கும்போது கியரையும் ஹேண்ட் பிரேக்கையும் அசைக்க வேண்டிவரும். சாவியை எடுத்துவிட்டு, 10 மி.மீ. ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்று. குறைந்தது 10 நிமிடம் பொறு. பல கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி கன்சோலுக்கு அடியில்தான் இருக்கும். மஞ்சள் நிற வயர் கனெக்டர் எதைப் பார்த்தாலும் கை வைக்காதே. எந்தக் கனெக்டரையாவது கழற்றி வைத்துக்கொண்டு பேட்டரியைச் சேர்த்துச் சாவியைத் திருப்பவும் கூடாது, எச்சரிக்கை விளக்கு எரிந்து நின்றுவிடும், பிறகு ஸ்கேனர் வைத்துத்தான் அணைக்க வேண்டும்.

நெம்பியை மூலையில் நுழைத்து, கிளிப் இருக்கும் இடத்துக்கு ஒட்டினாற்போல் நெம்பு. நடுவில் பிடித்து இழுத்தால் பட்டை வளைந்து, கிளிப்பின் கால் ஒடியும். இழுத்தும் வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதே, எங்கேயோ ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறது. ரப்பர் விரிப்புக்கு அடியிலும் சின்ன மூடிக்குப் பின்னாலும் தேடு. உலோகக் கிளிப் சில நேரம் பட்டையோடு வராமல் டாஷ்போர்டிலேயே தங்கிவிடும். அதை எடுத்துப் பட்டையில் மாட்டிவை, இல்லையென்றால் திரும்பப் பொருத்தும்போது உட்காராது. ஸ்க்ரூக்களை ஒரு காகிதத்தில் கழற்றிய வரிசைப்படி டேப் போட்டு ஒட்டி, எங்கே இருந்தது என்று பக்கத்தில் எழுதிவை.

கழற்றியதும் ஒவ்வொரு பாகத்தின் பின்பக்கத்தையும் பார். எந்தப் பிளாஸ்டிக் என்று அச்சில் வார்த்த எழுத்து இருக்கும். ஏபிஎஸ் அல்லது பிசி கூட்டல் ஏபிஎஸ் என்றால் கவலையில்லை, பசை நன்றாகப் பிடிக்கும். பிபி என்று இருந்தால் அது பாலிபுரொப்பிலீன், பசை அதில் லேசில் பிடிக்காது. விளிம்பிலும் மடிப்பிலும் பிரைமர் 94 மெல்லிசாகப் பூசித்தான் ஒட்ட வேண்டும். பிறகு நகத்தால் மேற்பரப்பைத் தடவு. தோல் மாதிரி சொரசொரப்பு என்றால் ஃபிலிம் மேட்டில் மட்டும் தொடும், பள்ளத்தில் தொடாது, ஒட்டிய பரப்பு பாதிகூடத் தேறாது. அந்தத் துண்டை ஒட்டாமல் விடுவதே புத்திசாலித்தனம். ஒட்டியே தீர வேண்டும் என்றால் 320 நீர்த்தாள் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்), பிறகு 600 என்று தேய்த்து வழுவழுப்பாக்கு. கையில் பிசுபிசுவென ஒட்டும் ரப்பர் பூச்சு என்றால், அது நம் ஊர் ஈரக்காற்றில் சிதைந்துபோன பூச்சு. அதன்மேல் எதை ஒட்டினாலும் பூச்சோடு சேர்ந்து உரியும். ஆல்கஹால் துணியால் தேய்த்து முழுக்க எடுத்துவிடு, அலுப்பான வேலைதான்.

இனி சுத்தம். வேலையில் முக்கால்வாசி இதுதான். பழைய காரென்றால் முன்பிருந்தவர் டாஷ்போர்டு பாலிஷ் போட்டுத் தேய்த்திருப்பார், அந்தப் பளபளப்பில் பெரும்பாலும் சிலிகான். சிலிகான் மேல் எந்தப் பசையும் நிற்காது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால் சந்துபொந்தெல்லாம் தேய். சில்வர் பீச் போய் வந்த மணல் இடுக்கில் இருந்தால் இங்கேயே வெளியேற்று. ஒரு மணல் துகள் ஃபிலிமுக்கு அடியில் சிக்கினாலும் கொப்புளமாகத் துருத்தும். நன்றாக அலசி, கிளிப் பொந்துகளில் நிற்கும் தண்ணீரை உதறி, முழுக்கக் காயவிடு. அதன்பின் ஆல்கஹால். 7 பங்கு ஆல்கஹாலுக்கு 3 பங்கு தண்ணீர். ஈரத்துணியால் ஒரே திசையில் துடைத்து, அது ஆவியாகுமுன் உலர்ந்த இன்னொரு துணியால் எடு. தானாகக் காயவிட்டால் கரைந்த எண்ணெய் அதே இடத்தில் படிந்துவிடும். முன்பக்கத்தோடு நிறுத்திவிடாதே. ஃபிலிம் மடிந்து உட்காருவது பின்பக்கத்து 1 செ.மீ. விளிம்பில்தான், எல்லாரும் துடைக்க மறக்கும் இடமும் அதுவே. இதற்குப் பிறகு வெறும் விரல் படக்கூடாது, கையுறைதான். ஆழமான கீறல் இருந்தால் கழுவிக் காய்ந்ததும் பிளாஸ்டிக் புட்டி அடைத்து 400 தாளில் தேய்த்துச் சமப்படுத்திவிட்டு ஆல்கஹாலுக்குப் போ. 90 மைக்ரான் ஃபிலிம் எதையும் மூடி மறைக்காது.

ஒட்டும் அறையில் ஃபேனை நிறுத்து. தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கொஞ்சம் கழித்து ஆரம்பி. சமையலறை மேடை வசதியாகத் தெரியும், ஆனால் அங்கே காற்றிலேயே எண்ணெய். ஏசியை 25-ல் வைத்துப் படுக்கையறையில் செய். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதே, மாசி மகத்துக்கு முன்னால் முடித்துவிட்டால் கோடைக்குள் பசை நன்றாக இறுகிவிடும்.

துண்டை எல்லாப் பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக வெட்டு. கதவு ஸ்விட்ச் பட்டையிலிருந்து ஆரம்பி, தட்டையானது, கை பழகும். பின்தாளை உரித்து, இரு கைகளையும் அகலமாகப் பிடித்து, இழுக்காமல் மேலே படரவிடு. நடுவிலிருந்து வெளிப்பக்கம் தேய்த்துக்கொண்டு போ. ஒவ்வொரு தேய்ப்பும் முந்தையதன் பாதி அகலத்தை மறுபடி தொட வேண்டும். சுருக்கம் விழுந்தால் அழுத்தி அடக்கப் பார்க்காதே. கிளப்பி, ஹீட் கன்னை 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து லேசாகக் காட்டினால் ஃபிலிம் தானே சமமாகிவிடும். வளைவில் 45 டிகிரி சூடு போதும். மூலையில் மட்டும் பிடித்து இழுப்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு. இழுவை அந்த ஒரே இடத்தில் குவிந்து நிறம் வெளுக்கும், பசையும் மெலியும். மூலைக்கு வேண்டிய இழுவையைப் பின்னால் அகலமான பரப்பிலிருந்து கொண்டு வா. 10 செ.மீ. ஃபிலிம் 11 ஆகலாம், 13 ஆகக்கூடாது.

கியர் பட்டையில்தான் சிக்கல். கப் ஹோல்டர் குழியில் ஃபிலிமை மேலிருந்து கீழே அமுக்கினால் அடிமூலையில் ஒட்டாமல் கூடாரம் போட்டு நிற்கும். வெயிலில் அது இன்னும் மேலே எழும். ஆழம் விரல் கணுவைத் தாண்டினால் குழிக்குத் தனித்துண்டு, மேற்பரப்புக்குத் தனித்துண்டு என்று பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று 4 மி.மீ. ஏறுமாறு ஒட்டு. ஆழம் குறைவு என்றால் ஃபிலிமைச் சூடாக்கி முதலில் குழியின் அடியில் படியவைத்து, அங்கிருந்து மேலே ஏறி வா. கியர் துளையையும் ஸ்விட்ச் துளையையும் ஒட்டி முடிக்கும்வரை வெட்டாதே. ஒட்டியபின் துளையின் நடுவிலிருந்து பெருக்கல் குறியாகக் கீறி, மூலைக்கு 3 மி.மீ. முன்னால் நிறுத்திச் சூடு காட்டிப் பின்னால் மடி. மூலைவரை கீறினால் முன்பக்கத்தில் பிளவு தெரியும்.

விளிம்பைப் பின்பக்கம் 8 முதல் 10 மி.மீ. மடித்து மீதியை வெட்டு. கத்தியை அழுத்தாதே, கத்தியின் எடை அளவுக்குப் பட்டால் போதும். ஒவ்வொரு துண்டுக்கும் பிளேடு முனையை ஒடித்துவிடு, மழுங்கிய பிளேடு ஃபிலிமைக் கிழித்து இழுக்கும். கிளிப் உட்காரும் இடத்திலும் வழிகாட்டி முளையிலும் ஒட்டியிருக்கும் ஃபிலிமைச் சுரண்டி எடு. இரு பக்கமும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 0.2 மி.மீ. கனம். இறுக்கமாக உட்கார வேண்டிய பட்டை அதனால் சரியாக அமராமல், வேகத்தடையில் ஏறும்போதெல்லாம் கிறீச்சிடும்.

கடைசியாகப் பின்சூடு. வீட்டில் ஒட்டுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் படி இது. விளிம்பு, மடிப்பு, குழி, இழுத்த மூலை ஒவ்வொன்றையும் 90 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஃபிலிமின் பழைய அளவு ஞாபகம் அழிந்துவிடும், பிறகு 70 டிகிரி வெயில் அதை எழுப்பாது. ஆனால் ஏபிஎஸ் 100 டிகிரி பக்கம் போனால் இளகி வளையும். 90-க்கும் 100-க்கும் நடுவே கையால் உணர முடியாது, தெர்மாமீட்டர் கேட்டது இதற்குத்தான். ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்து, 95-ஐத் தொட்டதும் விலகு, மெல்லிய பட்டையில் முன்னதாகவே விலகு.

ஒட்டிய பாகத்தை ஒரு நாள் அறையிலேயே வைத்துவிட்டுப் பொருத்து. அடுத்த இரண்டு நாள் காரை வெயிலில் விடாதே. இனிமேல் டாஷ்போர்டு பாலிஷ் கிடையாது, ஈரத்துணி மட்டும். ஏசி வென்ட்டில் தொங்கவிடும் திரவ வாசனைப் புட்டியையும் எடுத்துவிடு, அது கசிந்தால் ஃபிலிம் கறைபட்டுச் சுருளும். எப்போதாவது பிடிக்காமல் போனால் 50, 60 டிகிரி சூடு காட்டி, தாழ்ந்த கோணத்தில் மெதுவாக உரி. மிஞ்சும் பசை ஆல்கஹாலில் போய்விடும்.

ஸ்டீயரிங் நடுமூடி, டாஷ்போர்டில் ஏர்பேக் என்று பொறித்த மூடி, முன்கண்ணாடிக்கு அடியில் இருக்கும் வெயில் சென்சார், இந்த மூன்றின்மேல் ஒரு துண்டுகூட ஒட்டக்கூடாது. ஏர்பேக் மூடி கிழிந்து திறப்பதற்கென்று வலுவிழக்க வைத்த கோடு இருக்கும். அதன்மேல் ஃபிலிம் ஒட்டினால் அது எப்படித் திறக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஏசி வென்ட் சட்டம் இரட்டை வளைவு, உள்வளைவு வேறு. அதை முதல் தடவையிலேயே தொடாதே. கழற்றிக் கழுவி, அரை மீட்டர் ஃபிலிமோடு ஞாயிற்றுக்கிழமை எடுத்து வா, இங்கே ஒட்டிக்கொள்ளலாம். பேட்டரி முனையை மாட்டும்போது நட்டை இறுக்கிய பிறகு ஒருமுறை கையால் அசைத்துப் பார்.

அன்புடன்,
அப்பா