பிம் மென்பொருள் விற்பனையில் முழுச் செலவையும் சொல்லாதது குறித்துப் புகார்

அனுப்புநர்:
நிர்வாகப் பங்குதாரர்,
கட்டட ஒப்பந்த நிறுவனம், கோயம்புத்தூர்.

பெறுநர்:
கிளை மேலாளர்,
பிம் மென்பொருள் விற்பனை மற்றும் பயிற்சிப் பிரிவு, சென்னை.

பொருள்: கொட்டேஷனில் இல்லாத செலவுகள், பயன்படாத பயிற்சி, சந்தா உயர்வு.

ஐயா, வணக்கம்.

கட்டடத்தைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாகக் கட்டிப் பார்க்கும் பிம் மென்பொருளுக்கு உங்களிடம் ஆறு லைசென்ஸும் பயிற்சியும் வாங்கி ஓராண்டு முடியப் போகிறது. புதுப்பிப்பதற்கான பில் போன வாரம் வந்தது. சென்ற ஆண்டைவிடத் தொகை கூடியிருக்கிறது, ஏன் என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை. அதைக் கட்டுவதற்கு முன் சிலவற்றை எழுத்தில் கேட்க வேண்டியிருக்கிறது.

பிம் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் ஏசி டக்ட் நேராக பீமில் போய் முட்டுவதை மாதிரியில்தான் கண்டுபிடித்தோம். கான்கிரீட் போட்ட பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இவ்வளவு நல்ல விஷயத்தை இப்படி விற்கிறீர்களே என்பதுதான் என் வருத்தம்.

உங்கள் கொட்டேஷனில் இருந்தவை ஆண்டுச் சந்தா, பயிற்சிக் கட்டணம், 18 சதவீத ஜிஎஸ்டி, அவ்வளவுதான். “வேற செலவே கிடையாது சார், இருக்கிற கம்ப்யூட்டரே போதும்” என்றார் உங்கள் விற்பனை அலுவலர். 8 ஜிபி ராம் உள்ள எங்கள் கணினிகளில் மாதிரியைத் திறக்கவே முடியவில்லை, எல்லாவற்றையும் மாற்றினோம். அதுகூடப் பரவாயில்லை. பெரிய செலவு சம்பளத்தில் போனது. ஆர்க்கிடெக்ட்டும் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட்டும் இன்னமும் 2டி வரைபடம்தான் அனுப்புகிறார்கள். அதைப் பார்த்து எங்கள் ஆட்கள் மாதிரியைக் கட்டுகிறார்கள், சைட்டுக்காகப் பழையபடி 2டி-யிலும் வரைகிறார்கள். ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம். இப்படி ஒரு காலம் இருக்கும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டெண்டர் விலையிலேயே அதைச் சேர்த்திருப்போம்.

பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது மரச்சட்டச் சுவர் வைத்த ஒரு அமெரிக்க வில்லா. எங்களுக்கு வேண்டியது 230 மி.மீ. செங்கல் சுவர், லின்டல், சன்ஷேடு, லாஃப்ட். நீங்கள் கொடுத்த லைப்ரரியில், அதாவது ஆயத்தமாக வரும் பாகங்களின் தொகுப்பில், சன்ஷேடும் லாஃப்ட்டும் இல்லவே இல்லை. ஒவ்வொன்றையும் எங்கள் பொறியாளர்களே உட்கார்ந்து உருவாக்கினார்கள்.

எல்லாவற்றையும்விட நஷ்டம் தந்தது அளவு எடுப்பதுதான். “பட்டனைத் தட்டினால் அளவு வந்துவிடும், பில் போட்டுவிடலாம்” என்று சொல்லித்தான் விற்றீர்கள். அளவு வருகிறது, ஆனால் அதை வைத்து பில் போட முடியாது. இங்கே பில் போடுவது, கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 1200 முறைப்படி. பூச்சு வேலையில் 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு எதையும் கழிக்கக் கூடாது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரு பக்கமும் ஒரே பூச்சாக இருந்தால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும். சாதாரணக் கதவு, ஜன்னல் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான் வரும். உங்கள் மாதிரியோ எல்லாத் திறப்பையும் இரு பக்கமும் முழுசாகக் கழித்துவிடுகிறது. அதை அப்படியே பில்லில் போட்டால் எங்களுக்கு முறைப்படி வர வேண்டிய பணம் போய்விடும். போதாததற்கு, பீமையும் ஸ்லாபையும் சரியாக இணைக்காவிட்டால் சேருமிடத்தில் கான்கிரீட் இரண்டு முறை கணக்காகிறது. இந்த இரண்டைப் பற்றியும் பயிற்சியில் ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. இன்றும் எங்கள் பில்லிங் இன்ஜினியர் அளவுப் பதிவேடான எம்-புக்கைக் கையால்தான் எழுதுகிறார்.

சைட்டில் மாதிரியைப் பார்க்க மட்டும் இரண்டு லைசென்ஸை எங்கள் தலையில் கட்டினீர்கள். பிம் மென்பொருள்களுக்குப் பொதுவான ஐஎஃப்சி வடிவக் கோப்பைப் பார்க்கக் கட்டணமில்லாத மென்பொருள்கள் இருப்பதை நாங்களே பிறகு தெரிந்துகொண்டோம். அப்புறம், உங்கள் டெக்னீஷியன் எங்களைக் கேட்காமலே, எல்லோரும் சேர்ந்து வேலை செய்யும் மையக் கோப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டுப் போனார். கன்சல்டன்ட்டிடம் இருப்பது பழைய பதிப்பு, அதில் இந்தக் கோப்பு திறக்காது. பழைய பதிப்பில் திருப்பிச் சேமிக்கவும் வழியில்லை.

விற்கும்போது பிரிட்டனைக் காட்டினீர்கள். அங்கே மத்திய அரசின் கட்டுமானப் பணிகளுக்கு 2016 ஏப்ரலில் பிம் கட்டாயமானது உண்மை. ஆனால் அந்த அரசு அதை 2011-லேயே அறிவித்து ஐந்தாண்டு அவகாசம் கொடுத்தது. எங்களிடம் “இந்தக் காலாண்டுக்குள் வாங்கினால்தான் இந்த விலை” என்றீர்கள்.

எனவே, ஐஎஸ் 1200 முறைப்படி அளவு எடுக்கும் பயிற்சியை எங்கள் அலுவலகத்துக்கே வந்து, எங்கள் திட்டம் ஒன்றை வைத்து, கட்டணமின்றி நடத்தித் தர வேண்டும். பார்வைக்காக விற்ற இரண்டு லைசென்ஸுக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும். சந்தா பழைய விலையிலேயே தொடர வேண்டும், அடுத்த மூன்று ஆண்டுக்கான விலையும் எழுத்தில் வேண்டும். இனி நீங்கள் தரும் கொட்டேஷனில் கணினி, லைப்ரரி, இரட்டை வேலைக் காலம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள், யாருக்குக் கொடுத்தாலும்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். அதுவரை உங்கள் பில்லை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நிர்வாகப் பங்குதாரர்