யார் செய்த குற்றம், யார் வீடு?

அன்புள்ள நடராஜனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கு நிம்மதி. இங்கே அமெரிக்காவின் ஓக்லாந்தில் மகள் வீட்டில் நாங்கள் இருவரும் நலம்.

அரசு மானியத்தில் குறைந்த வாடகைக்குக் குடியிருப்பவரின் வீட்டில் போதைப்பொருள் புழங்கினால் அந்தக் குடும்பத்தைக் காலி செய்ய வைப்பதில் என்ன தவறு என்று எழுதியிருந்தாய். இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனதே இந்த ஊரிலிருந்துதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் உன் பக்கத்து நியாயம். கிராக் கொக்கெயின் என்ற போதைப்பொருள் தலைவிரித்தாடிய எண்பதுகளில் இந்தக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகளும் முதியவர்களும்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். அவர்களைக் காக்கவே 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன் பிற்கால வாசகப்படி குடியிருப்பவரோ, வீட்டாரில் ஒருவரோ, விருந்தினரோ, அவரது கட்டுப்பாட்டில் உள்ள வேறு எவரோ வளாகத்துக்கு உள்ளேயோ வெளியேயோ போதைப்பொருள் குற்றம் செய்தால் வாடகை ஒப்பந்தத்தை முறித்துவிடலாம். தண்டனை கிடைத்திருக்க வேண்டியதில்லை, கைதுகூட ஆகியிருக்க வேண்டியதில்லை. 1996-இல் அதிபர் கிளிண்டன் இதையே 'ஒரு முறை தவறினால் வெளியேற்றம்' என்ற கொள்கையாக முழங்கினார்.

ஓக்லாந்து வீட்டுவசதி ஆணையம் அதன்படி யார் யார் மீது வெளியேற்ற வழக்குத் தொடர்ந்ததோ, அந்த நால்வரின் கதையைக் கேள். இரண்டு மூதாட்டிகளின் பேரன்கள் வாகன நிறுத்துமிடத்தில் கஞ்சா புகைத்து அகப்பட்டார்கள். மூன்றாவது பெண்ணின் மகள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளிக் கொக்கெயினோடு பிடிபட்டாள். நான்காமவர் 75 வயது மாற்றுத்திறனாளி. அவரைப் பார்த்துக்கொள்ள வந்த பணியாளரும் வேறு இருவரும் அவர் வீட்டிலேயே இரண்டு மாதத்துக்குள் மூன்று முறை கொக்கெயினோடு சிக்கினார்கள். முதல் இரண்டு முறை எச்சரிக்கை நோட்டீஸ், மூன்றாம் முறை வெளியேற்ற வழக்கு. உதவியாளர் இல்லாமல் காலம் தள்ள முடியாத ஒருவர் அந்த உதவியாளரை எப்படிக் கட்டுப்படுத்துவார் என்று நீயே சொல்.

இதை எதிர்த்து அவர்கள் தொடுத்த வழக்கு, மூன்றாவது பெண்ணின் பெயரால் ரக்கர் வழக்கு எனப்பட்டது. அதில் கீழ் நீதிமன்றம் வெளியேற்றத்துக்குத் தடை விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிவான அமர்வும் 2001-இல் குடியிருப்போர் பக்கமே நின்றது. ஆனால் 2002 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் எட்டுக்குப் பூஜ்யம் என்று மாற்றித் தீர்ப்பளித்தது. (ஒன்பதாவது நீதிபதி பிரேயர் விலகிக்கொண்டார், தடை விதித்த கீழ் நீதிபதி அவருடைய சொந்தச் சகோதரர்.) குற்றம் நடந்தது குடியிருப்பவருக்குத் தெரியுமா என்ற கேள்வியே எழவில்லை என்றும், வெளியேற்றலாம் என்றுதான் சட்டம் சொல்கிறதே தவிர வெளியேற்றியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை என்றும் தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதினார். அடுத்த மாதமே மத்திய வீட்டுவசதித் துறை அமைச்சர் மார்ட்டினெஸ், வெளியேற்றம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று ஆணையங்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டியதாயிற்று.

எனக்குத் தீர்ப்பைவிட அதன் அடிக்குறிப்பு ஒன்றுதான் முக்கியமாகப் படுகிறது. ரக்கரின் மகள் சிறைக்குப் போனதால் மற்றவர்களுக்கு இனி ஆபத்தில்லை என்று சொல்லி, அந்தத் தாயின் மீதான வழக்கை ஆணையமே 1998-இல் கைவிட்டிருந்தது. அப்படியானால் ஆபத்து மகளிடம் இருந்ததே தவிரத் தாய் அந்த வீட்டில் குடியிருந்ததில் இல்லை. விற்பவனை வெளியேற்று, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் இப்படி வெளியேற்றப்பட்டவருக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு மானிய வீடு கிடையாது. வெளிச்சந்தை வாடகை கட்ட முடியாததால்தானே அவர் அங்கே வந்தார்? தெரியாமல் நடந்ததற்கும் இந்தத் தண்டனை என்றால், அது பக்கத்து வீட்டாரைக் காக்கும் ஏற்பாடு அல்ல, நிர்வாகத்துக்கு வேலையைச் சுலபமாக்கும் ஏற்பாடு.

நாற்பது ஆண்டு வழக்காடிய உனக்கு இதற்கு மறுவாதம் இல்லாமல் இராது. அந்த அடிக்குறிப்புக்கு என்ன பதில் வைத்திருக்கிறாய் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
சுந்தரம்