செயலாளர் ஆண்டறிக்கை: மாற்று உறுப்பு பெற்றவர்கள், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குடும்பங்கள் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பத்து மாதாந்தரக் கூட்டங்கள் நடந்தன. சளி பரவிய நேரத்தில் வந்த இரண்டை ரத்து செய்தோம். "ஒருத்தர் இருமினாலே கதவைச் சாத்திடறீங்க" என்று ஓர் உறுப்பினர் கோபித்துக்கொண்டார். கோபம் நியாயம்தான், ஆனாலும் முடிவு சரி என்றே நினைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

நாம் அதிகம் பேசியது காய்ச்சலைப் பற்றி, அதுவும் வராத காய்ச்சலைப் பற்றி. என் கதையையே சொல்கிறேன். எனக்குச் சிறுநீரகம் மாற்றி ஆறாவது வருடம். பேரனுக்கு மூக்கு ஒழுகியது, அப்புறம் எனக்கும். தெர்மாமீட்டர் 98.6 டிகிரியைத் தாண்டவில்லை. காய்ச்சல்தான் இல்லையே என்று நான்கு நாள் சும்மா இருந்துவிட்டேன். ஐந்தாம் நாள் மாடிப்படியில் பாதி ஏறியதும் மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். பரிசோதனையில் ஆர்.எஸ்.வி. என்ற, மூச்சுப்பாதையைத் தாக்கும் வைரஸ், நுரையீரல் வரை இறங்கியிருந்தது. டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், ஸ்டீராய்டு எல்லாம் உடல் புது உறுப்பைத் தாக்காமல் பார்த்துக்கொள்கின்றன. கூடவே காய்ச்சலையும் அமுக்கிவிடுகின்றன. வைரஸும் லேசில் விடாது. மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் ஓய்வது நம்மிடம் வாரக்கணக்கில் தங்கும். அதுவரை நம்மிடமிருந்து பிறருக்கும் பரவலாம்.

நுரையீரல் மாற்றியவர்களுக்கு இன்னொரு பயம் உண்டு. சளி விட்ட பிறகும், உடல் புது நுரையீரலை ஏற்காமல் சிறு காற்றுக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கும் நாள்பட்ட நிராகரிப்புக்கு அந்தத் தொற்று வழி செய்யலாம். அவர்களில் ஒருவர் தினமும் காலையில் மூச்சுத்திறனை அளக்கும் ஸ்பைரோமீட்டரில் ஊதி, கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் எண்ணைக் குறித்துவைப்பார். ஒருநாள் எண் பத்து சதவீதம் இறங்கியதைப் பார்த்து உடனே மருத்துவருக்குப் போன் செய்தார். அப்போது அவருக்கு இருமலே தொடங்கவில்லை.

நுரையீரலில் சளி கெட்டியாகத் தேங்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களின் நிலை வேறு. கெட்டிச் சளியில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் ஏற்கெனவே குடியிருக்கும். சாதாரண ஜலதோஷ வைரஸ் வந்தாலும் போதும், மார்பு நோய் முற்றிவிடலாம். இழந்த மூச்சுத்திறன் எல்லோருக்கும் முழுசாகத் திரும்புவதில்லை. ஒருவர் கிருமி மற்றவருக்குத் தொற்றாமலிருக்க அவர்கள் தங்களுக்குள் 2 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். அதனால் அவர்கள் அனைவரும் வீடியோவில்தான் வந்தார்கள். ஒரே அறையில் உட்கார முடியாதவர்களுக்கு ஒரு சங்கம்! விசித்திரம்தான், ஆனால் கூட்டத்துக்குத் தவறாமல் வருபவர்கள் அவர்களே.

மருந்து விஷயத்தில் இரண்டு தவறுகள் நடந்தன. ஒருவர் உடம்பு வலிக்குத் தானே இபுப்ரோஃபென் வாங்கிச் சாப்பிட்டார். டாக்ரோலிமஸோடு சேர்ந்தால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். இன்னொருவருக்கு, மாற்று அறுவை பற்றி விசாரிக்காமலே, ரிட்டோனாவிர் கலந்த கோவிட் மாத்திரை எழுதித் தந்துவிட்டார்கள். அது ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும். கை நடுக்கம் கண்டதும் அவர் மனைவிதான் உறுப்பு மாற்று மருத்துவக் குழுவுக்குப் போன் செய்தார்.

வருடாந்தர ஃப்ளூ ஊசி முகாமில் இம்முறை வீட்டாரையும் சேர்த்தோம். உறுப்பு மாற்றிய நமக்கு ஊசி கொஞ்சம் குறைவாகவே வேலை செய்யும்; வீட்டில் எல்லோரும் போட்டுக்கொண்டால்தான் காவல். மாற்று உறுப்பு பெற்றவர்கள் மூக்கில் அடிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்தைத் தவிர்க்க வேண்டும். அதில் இருப்பது உயிருள்ள வைரஸ். 2023 முதல் வந்துள்ள ஆர்.எஸ்.வி. தடுப்பூசி பற்றி அவரவர் மருத்துவரிடம் கேளுங்கள்.

மருந்துகளை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்த இளைஞர்களுக்கு நன்றி. மூக்கு ஒழுகுபவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வீடியோவில் வாருங்கள். அறிக்கையை ஏற்றுத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்